கேட் சாத்தியாச்சு

மின்வாரியம் லைன் நிறுத்தம் அறிவித்த நாளில் எங்கள் ஆபீஸ் போன் ஓயாது. சோலார் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "வெயில் மண்டையப் பொளக்குது. மாடியில பத்துப் பலகை வெச்சிருக்கேன். எனக்கு ஏன் கரண்ட் இல்ல?" எட்டு வருடமாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. சர்வீஸுக்குப் போவதும் நான்தான், போன் எடுப்பதும் நான்தான். முதலாளிக்கு விசிட்டிங் கார்டு கொடுக்கவே நேரம் போதாது.

பதில் ரொம்ப எளிது. பலகை பிடிக்கிற வெயிலை மின்சாரமாக மாற்றும் சோலார் பெட்டி தனியாக ஓடாது. தெரு லைனில் வரும் மின்சாரத்தைப் பார்த்து, அதன் தாளத்தோடு சேர்ந்துதான் ஓடும். லைன் போன அடுத்த கணம் அதுவும் நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும். நிற்காவிட்டால் வீட்டு மின்சாரம் தெருவுக்குப் போகும். லைனில் உயிர் இல்லை என்று நம்பிக் கம்பம் ஏறியவன் அங்கேயே கருகிவிடுவான்.

அப்படி ஏறுகிறவர்களில் ஒருவன் என் தம்பி. எந்நேரமும் கம்பியிலேயே இருப்பதால் லைன் ஆபீஸில் அவனுக்குக் குருவி என்று பெயர். அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான்.

அன்று ஒன்பதிலிருந்து இரண்டு வரை நிறுத்தம். ஒன்பது மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்தது. இரண்டாவதோ மூன்றாவதோ வந்த போனில் யாரும் பேசவில்லை. "ஹலோ" என்றேன். பதில் இல்லை. கொஞ்சம் இரைச்சல், பிறகு 'புஸ்' என்று ஒரு மூச்சு. மறுபடி இரைச்சல், மறுபடி ஒரு மூச்சு.

"யோவ், பெருமூச்சு விடறதுக்கெல்லாமா போன் பண்ணுவ? வீட்ல அக்கா தங்கச்சி இல்ல?" என்று கத்திவிட்டு வைத்தேன். நேரம் ஒன்பது மூன்று. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடிதான் கத்தினேன், அதனால் நினைவிருக்கிறது.

ஒன்பதரை வாக்கில் போன் சற்று ஓய்ந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் சோலார் போட்ட வீடுகள் எல்லாம் அதில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓடுகிற வீடு பச்சை, நின்ற வீடு சாம்பல். நிறுத்தம் அறிவித்த தெருவில் எங்களுக்குப் பதினொரு வீடு. பத்து சாம்பலாகிவிட்டன. ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது.

கேட்காரர் வீடு. முந்நூற்று நாற்பது வாட் என்று காட்டியது.

அந்த வீடு ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கேட்காரர் உயிரோடு இல்லை. அதைவிட மோசம், லைன் இல்லாதபோதும் ஓடக்கூடிய சோலார் வீடு எங்கள் கணக்கில் அது ஒன்றுதான். அதை அப்படி ஓட வைத்தவள் நான்.

கேட்காரர் முப்பத்திரண்டு வருடம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். தெருவில் எல்லோருக்கும் கேட்காரர், எனக்கு ஐயா. அவர் மனைவிக்கு நுரையீரல் வீணாகிப்போய், பகலெல்லாம் ஆக்சிஜன் மெஷின் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் தினமும் நாலைந்து மணி நேரம் கரண்ட் போனது. மெஷினைப் பேட்டரி இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் அதுவும் படுத்துவிடும். "தலைக்கு மேல இவ்வளவு வெயில் வீணாப் போகுதேம்மா" என்று அவர் கேட்டபோது, மற்றவர்களிடம் போல என்னால் அவரிடம் எரிந்து விழ முடியவில்லை. கட்டிலில் அந்த அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

வழி இருக்கிறது. லைன் போனதும் வீட்டைத் தெருவிலிருந்து தானாகவே பிரிக்கிற பெட்டி ஒன்று உண்டு. வர ஆறு வாரம் என்றார்கள். ஆறு வாரம் அந்த அம்மா தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் கள்ள வேலை செய்தேன். பேட்டரி இன்வெர்ட்டரை வீட்டு வயரிங்கோடு நேராக இணைத்து, அதையே தெரு லைன் என்று சோலார் பெட்டியை நம்ப வைத்தேன். வீட்டையும் தெருவையும் பிரிப்பதற்கு ஒரு கை லிவர் மாட்டினேன். மேலே தூக்கினால் தெருவோடு சேரும், கீழே இறக்கினால் பிரியும். லிவரை இறக்காமல் இன்வெர்ட்டரைப் போட்டால் தெருக் கம்பியில் உயிர் வந்துவிடும். இதைத் தெரிந்தே செய்தேன். என் தம்பி ஏறுகிற தெரு என்பதும் தெரியும்.

"ஐயா, மறந்துறாதீங்க. மொதல்ல லிவர், அப்புறம்தான் இன்வெர்ட்டர்" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

அவர் சிரித்தார். "எங்கிட்டயா சொல்ற? கேட்ட சாத்துவேன், ஸ்டேஷனுக்குப் போன் போட்டு 'கேட் சாத்தியாச்சு'ம்பேன். மாஸ்டர் 'குறிச்சுக்கிட்டேன்'னு சொல்ற வரைக்கும் போனை வெக்க மாட்டேன். அதுக்கப்புறம் வண்டி தாண்டற வரைக்கும் கைப்பிடி பூட்டிக்கும். மந்திரியே வந்து காருக்குள்ள இருந்து கத்தினாலும் அசையாது. அப்படி ஒரு ஏற்பாடு அது."

அதே ஏற்பாட்டை எனக்கும் வைத்துக்கொண்டார். கரண்ட் போகும், லிவரை இறக்குவார், ஆபீஸுக்குப் போன் வரும். "கேட் சாத்தியாச்சும்மா." நான் "குறிச்சுக்கிட்டேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். வேலை மும்முரத்தில் "சரி சரி" என்று மட்டும் சொன்னால் வைக்க மாட்டார். அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருப்பார். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் சொல்லிவிடுவேன்.

அந்த அம்மா நாலு மாதம் இருந்தார். அவர் போன பிறகும் போன் வருவது நிற்கவில்லை. "இப்ப எதுக்கு ஐயா மெஷின ஓட்டறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "சும்மா ஓட விட்டுட்டுக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பேம்மா. வீடு அடைஞ்சு கெடந்தா என்னமோ மாதிரி இருக்கு" என்றார். அடுத்த இரண்டு மாதத்தில் அவரும் போய்விட்டார். வெளியூரிலிருந்து வந்த மகள் சாவியை என்னிடம் கொடுத்து, விற்கும்வரை பலகையைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். மாடிப்படி வெளியே இருந்ததால் வீட்டுக்குள் போகிற வேலை எனக்கு வரவில்லை. தானாகப் பிரிக்கும் பெட்டி எப்போதோ வந்து எங்கள் கிடங்கில் கிடக்கிறது. அடுத்த வாரம் மாட்டலாம், அடுத்த வாரம் கழற்றலாம் என்று நாளைக் கடத்தினேன். ஆளில்லாத வீட்டில் இன்வெர்ட்டரை யார் போடப் போகிறார்கள் என்ற தைரியம்.

இப்போது யாரோ போட்டிருக்கிறார்கள். அந்த ஆக்சிஜன் மெஷின் இழுப்பது முந்நூற்று நாற்பது வாட். எனக்கு அது மனப்பாடம்.

லிவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. தம்பிக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏறும்போது போனைப் பையில் வைத்துவிடுவான். லைன் ஆபீஸுக்குப் போட எண்ணைத் தட்டியவள் கடைசி எண்ணில் நின்றேன். என்னவென்று சொல்வது? நான்தான் கள்ள இணைப்புக் கொடுத்தேன் என்றா? என் லைசென்ஸ் கண்முன் வந்து நின்றது. ஒரு கணம்தான். தம்பி கம்பத்தில் இருக்கும்போது அப்படி ஒரு கணம் யோசித்ததற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு தட்டினேன், அந்த லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். நல்ல வெயில், ஆள் நடமாட்டம், பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் இரைந்து படிக்கும் சத்தம். எல்லாம் எப்போதும்போல இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தெரு முனையில் திரும்பியதும் பார்த்தேன். கேட்காரர் வீட்டுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான். கையில் உறைகூட இல்லை. கீழே நின்ற கூட்டாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, டிபன் கொண்டாந்தியா?" என்று மேலே இருந்து கேட்டான்.

"எறங்குடா!"

"பாதியில எறங்கினா மேஸ்திரி கிழிச்சுருவாரு. என்ன விஷயம்?"

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினேன். அரை மணி நேரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், உயிரோடு இருக்கிறான். அப்படியானால் லிவர் கீழேதான் இருக்கிறது. பிரித்துவிட்டுத்தான் யாரோ இன்வெர்ட்டரைப் போட்டிருக்கிறார்கள். மகள் சொல்லாமல் வந்துவிட்டாளா, அல்லது திருட்டுப் பயல் எவனாவது உள்ளே குடித்தனம் நடத்துகிறானா என்று பார்க்கத்தான் வாசலுக்குப் போனேன். அகப்பட்டால் நாலு அறை விடுகிற எண்ணமும் இருந்தது.

பூட்டு தொங்கியது. துருப்பிடித்த பூட்டு, சாவி சுழலவே அடம்பிடித்தது. கதவைத் தள்ளியதும் அந்தச் சத்தம் கேட்டது.

படுக்கையறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தை இல்லாத கட்டில். மெஷினிலிருந்து வந்த குழாயின் முனை தலைமாட்டில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. குழாயில் காற்று வந்தது, விரலை வைத்துப் பார்த்தேன். மெஷின் இரைந்தது, பிறகு 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டது. மறுபடி இரைந்தது, மறுபடி ஒரு மூச்சு.

காலையில் ஒன்பது மூன்றுக்குக் கேட்ட மூச்சு அதுதான். நான் அக்கா தங்கச்சி இல்லையா என்று கத்திவிட்டு வைத்தது இதைக் கேட்டுத்தான்.

"யாரது?" என்றேன். சமையலறை, கூடம், குளியலறை, எல்லாம் பார்த்தேன். பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது தரையைப் பார்த்தேன். ஐந்து மாதத் தூசி. அதில் வாசலிலிருந்து உள்ளே வந்த செருப்புத் தடம் என்னுடையது மட்டும்தான்.

அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான். பின்னறைக்குப் போனேன். பேட்டரி இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் லிவர் கீழே இறங்கியிருந்தது. அதற்கு மேலே சுவரில் கேட்காரர் எழுதி வைத்த சாக்பீஸ் எழுத்து: 'மேலே திறந்தது, கீழே சாத்தியது.'

எட்டு வருடப் பழக்கம் என் கைக்கு. எந்த வீட்டில் வேலை முடிந்தாலும் கடைசியாக மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டுத்தான் வெளியே வருவேன். தூக்காமல் வந்தால் வாடிக்கையாளர் போன் போட்டு உயிரை வாங்குவார். கை நேராக லிவருக்குப் போனது. பிடித்துத் தூக்கினேன்.

அது அசையவில்லை.

நானே கிரீஸ் போட்டு மாட்டிய லிவர். நோயாளி அம்மாகூட ஒரு தடவை தூக்கியிருக்கிறார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து மொத்த பலத்தையும் போட்டேன். தோள்பட்டை வலித்தது. துருப்பிடித்த இரும்பாக இருந்தால் கொஞ்சம் கிறீச்சிடும், கொஞ்சம் நெளியும். இது அப்படி இல்லை. நான் எவ்வளவு மேலே இழுத்தேனோ அவ்வளவு கீழே இழுபட்டது. நான் தளர்த்தினால் அதுவும் தளர்ந்தது. சனியனே, விட்டுத் தொலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தேன்.

மேலே காற்றோட்ட ஜன்னல் வழியாகத் தெருவிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் இழு... நான் புடிச்சிருக்கேன், நீ இழு!"

என் கை லிவரிலேயே செத்துப்போனது.

இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் வெறுங்கையால் கம்பியைப் பிடித்திருக்கிறான். நான் தூக்கிக்கொண்டிருப்பது அவன் உயிரை. லிவர் மட்டும் ஏறியிருந்தால், இந்த வீட்டு வெயில் மொத்தமும் அவன் கைவழியாகத்தான் போயிருக்கும். ஒவ்வொரு விரலாக எடுத்தேன்.

முதலில் இன்வெர்ட்டரை அணைத்தேன். படுக்கையறையில் மெஷின் நீளமாக ஒரு மூச்சு விட்டு நின்றது. அதுவரை அந்தச் சத்தம் எனக்குப் பயமாக இருந்தது, நின்றதும் அழுகை வந்துவிட்டது. கேட்காரர் செத்த வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்தபோதுகூட நான் அழவில்லை.

லிவரைத் தொடாமல் அதன் கீழேயே தரையில் உட்கார்ந்தேன். இரண்டு மணிவரை அங்கிருந்து நகரவில்லை. நகர்ந்தால் வேறு யாராவது வந்து தூக்கிவிடுவார்கள் என்று அர்த்தமில்லாத ஒரு பயம். தாகம் எடுத்தது, போகவில்லை. இரண்டே காலுக்குத் தெருவில் "லைன் வருது, லைன் வருது" என்று தம்பி கத்தினான். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடத் தொடங்கியது. எழுந்து ஒரே ஒரு விரலை லிவருக்குக் கீழே வைத்தேன்.

வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி ஏறியது.

அன்று மாலை டீக்கடையில் தம்பியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கள்ள இணைப்பு, ஐந்து மாதச் சோம்பேறித்தனம், நான் லிவரைப் பிடித்து இழுத்தது, எதையும் மறைக்கவில்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாகவும் இருந்திருக்கும். அவன் டீயைக் குடிக்காமல் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"எர்த் போட்டிருந்தா உன் லிவர் ஏறியிருந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆயிருக்காதுக்கா" என்றான். லைனில் தப்பித்தவறி உயிர் வந்தால் அதை மண்ணுக்கு இழுத்துவிடுகிற சங்கிலியைத்தான் சொன்னான். கம்பம் ஏறும் எவனும் முதலில் அதை மாட்ட வேண்டும்.

"போட்டிருந்தியா?"

"சங்கிலி ஜீப்லயே கெடந்துச்சு. ஃபியூஸப் புடுங்கியாச்சுல்ல, அப்புறம் எதுக்குன்னு..." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை நாளா போடலன்னு கேக்காதக்கா" என்றான்.

நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? வேலை தெரிந்த இரண்டு பேரும் அன்று தப்புத்தான் செய்தோம். ஒழுங்காகச் செய்தது ஐயா ஒருத்தர்தான்.

மறுநாளே கிடங்கில் கிடந்த பெட்டியை எடுத்துப்போய் மாட்டினேன். கள்ள இணைப்பை வயரோடு பிடுங்கினேன், ஆளில்லாத வீடு என்பதால் பேட்டரியையும் கழற்றி வைத்தேன். முதலாளியிடமும் சொன்னேன். கால் மணி நேரம் குதித்தார், பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, லைன் ஆபீஸுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் என் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். அதுவரை போன் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷினை மகளிடம் கேட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டேன். லிவரை மட்டும் தூக்கி எறிய மனம் வரவில்லை. என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, எந்த வயரோடும் சேராமல்.

இப்போது நிறுத்த நாள் என்றால், கம்பம் ஏறுவதற்கு முன்னால் தம்பி எனக்குப் போன் செய்ய வேண்டும். நான் போட்ட சட்டம். முதலில் முணுமுணுத்தான், பிறகு பழகிவிட்டது.

போன மாதம் அந்தத் தெருவில் மறுபடி நிறுத்தம் வந்தது. ஒன்பது மணிக்கு அவன் கூப்பிட்டான். "எர்த் போட்டாச்சுக்கா." குறிச்சுக்கிட்டேன் என்றேன். அவன் வைத்துவிட்டான். கம்ப்யூட்டரில் பதினொரு வீடும் சாம்பலாக இருந்தன.

ஒன்பது மூன்றுக்கு ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. இரைச்சல் இல்லை, மூச்சுச் சத்தமும் இல்லை. அந்த மெஷின்தான் ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஓடிக்கொண்டிருக்கிறதே. ஆனால் அந்தப் பக்கம் ஆள் இருந்தது. பொறுமையாகக் காத்திருந்தது. இந்த முறை நான் கத்தவில்லை.

"குறிச்சுக்கிட்டேன் ஐயா" என்றேன்.

பிறகுதான் அந்தப் பக்கம் போனை வைத்தார்கள்.